உங்கள் தெருவில் ஈயம் இருக்கிறதா? புறாவிலிருந்து பிள்ளையின் ரத்தம் வரை தேடிப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

2006 டிசம்பரில் மேற்கு ஆஸ்திரேலியாவின் எஸ்பெரன்ஸ் என்ற துறைமுக ஊரில் பறவைகள் கொத்துக் கொத்தாகச் செத்து விழுந்தன. பெரும்பாலும் தேன் குடிக்கும் பறவைகள். முதலில் யாருக்கும் காரணம் பிடிபடவில்லை. செத்த பறவைகளை அறுத்துப் பார்த்தபோது ஈரலில் ஈயம் குவிந்திருந்தது. உள்நாட்டுச் சுரங்கம் ஒன்றிலிருந்து ரயிலில் வந்த ஈயக் கார்பனேட் தூள், துறைமுகத்தில் கப்பலில் ஏற்றும்போது காற்றில் பறந்து ஊர் முழுக்கப் படிந்திருக்கிறது. அதன் பிறகுதான் வீட்டு மழைநீர்த் தொட்டிகளையும் பிள்ளைகளின் ரத்தத்தையும் சோதித்தார்கள். இரண்டிலும் ஈயம் இருந்தது.

நகரத்து மாசையும் மக்கள் உடல்நலத்தையும் சேர்த்துப் படிக்கும் உயிரியலாளரின் வேலை இதுதான். பறவையின் உடல், மண், வீட்டுத் தூசி, பிள்ளையின் ரத்தம் ஆகிய நான்கையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். எஸ்பெரன்ஸில் பறவைகள் செத்த பிறகு கண்டுபிடித்தார்கள். சாவதற்கு முன்பே கண்டுபிடிக்க முடியும். விலங்கியலோ சுற்றுச்சூழல் அறிவியலோ படிக்கும் மாணவர்கள், பள்ளி அறிவியல் ஆசிரியர்கள், தெருவின் மேல் அக்கறை உள்ள குடியிருப்போர் சங்கத்தினர் ஆகியோருக்காக அந்த வேலையைப் படிப்படியாக எழுதுகிறேன்.

மாசுகள் எத்தனையோ இருக்க ஈயத்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. மண்ணிலோ தண்ணீரிலோ கலந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது, மணமும் இல்லை. உடலில் அதற்கு ஒரு நல்ல வேலைகூடக் கிடையாது. மண்ணில் விழுந்தால் சிதையாமல் அப்படியே கிடக்கும். மூலத்தைக் கண்டுபிடித்துவிட்டால் பெரும்பாலும் தடுக்கவும் முடியும். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கட்டுரையில் ஈயம் என்று வரும் இடமெல்லாம் காரீயம்தான். பாத்திரத்துக்குப் பூசும் வெள்ளீயம் வேறு உலோகம். அதைப் பற்றி சமையலறைப் பகுதியில் வருகிறேன்.

படி 1: உடலுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

மாதிரி எடுக்கப் புறப்படும் முன் இது தெரிந்திருந்தால்தான் எங்கே தேட வேண்டும் என்பது புரியும்.

உடல் ஈயத்தைக் கால்சியம் என்று ஏமாந்து உள்ளே விடுகிறது. குடலில் உறிஞ்சப்பட்டு ரத்தத்துக்குப் போய், அங்கிருந்து எலும்பில் போய்த் தங்குகிறது. ரத்தத்தில் இருக்கும் ஈயம் ஏறக்குறைய ஒரு மாதத்தில் பாதியாகக் குறையும். எலும்பில் உள்ளது பல பத்தாண்டுகள் கிடக்கும். கர்ப்பக் காலத்தில் எலும்பிலிருந்து கால்சியம் கரையும்போது ஈயமும் சேர்ந்து கரைந்து கருவுக்குப் போகிறது. தாய் சிறுமியாக இருந்தபோது விழுங்கிய ஈயம் அவள் பிள்ளையின் மூளையைத் தொடுகிறது.

ஒரே அளவு ஈயத்தை விழுங்கினாலும் சிறு பிள்ளைகளின் உடல் பெரியவர்களைவிட 4 முதல் 5 மடங்கு அதிகமாக உறிஞ்சும். தவழும் பிள்ளை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கிறது. இரும்புச்சத்தும் கால்சியமும் குறைவான பிள்ளை இன்னும் அதிகமாக உறிஞ்சும். ரத்தசோகை பரவலாக இருக்கும் நம் ஊரில் இந்தக் கடைசி விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

பாதிப்பு வெளியே தெரியாது. கவனம் சிதறுவது, படிப்பில் பின்தங்குவது, எரிச்சல், மலச்சிக்கல், வயிற்றுவலி இவற்றுக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். சென்னையில் 3 முதல் 7 வயது வரையிலான 700-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைச் சோதித்த ஆய்வு ஒன்று 2009-இல் வெளிவந்தது. சராசரி ரத்த ஈயம் டெசிலிட்டருக்கு (100 மில்லிலிட்டருக்கு) 11 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தது. ஈயம் கூடக் கூட, கவனக்குறைவும் பதற்றமும் கூடுவதை ஆசிரியர்கள் தந்த மதிப்பீடுகள் காட்டின. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி 5 மைக்ரோகிராம் என்றாலே மூலத்தைத் தேடத் தொடங்க வேண்டும். பாதுகாப்பான அளவு என்று ஒன்று இதுவரை கண்டறியப்படவில்லை.

படி 2: தெருவை நடந்து பார்த்து வரைபடம் போடுங்கள்

பலர் நேராக மண்ணை அள்ளிக்கொண்டு ஆய்வகத்துக்குப் போகிறார்கள். ஒரு எண் கிடைக்கிறது. அதை வைத்து என்ன செய்வதென்று தெரிவதில்லை. மூலம் எது, அங்கிருந்து எதன் வழியாக, யார் உடலுக்குள் போகிறது என்ற பாதையை முதலில் தாளில் வரைய வேண்டும். மாதிரி எடுப்பதெல்லாம் அந்தப் பாதை உண்மையா என்று சரிபார்ப்பதற்குத்தான்.

ஒரு கிலோமீட்டர் சுற்றளவு போதும். கைப்பேசி வரைபடத்தில் கீழ்க்காணும் இடங்களைக் குறித்துக்கொண்டே போங்கள்.

முதலில் பேட்டரி. உலகில் வெட்டியெடுக்கப்படும், உருக்கப்படும் ஈயத்தில் பெரும்பங்கு வண்டி, இன்வெர்ட்டர் பேட்டரிகளுக்குத்தான் போகிறது. உரிமம் பெற்ற ஆலையில் மறுசுழற்சி செய்தால் ஆபத்தைக் கட்டுக்குள் வைக்கலாம். காயலான் கடையின் பின்கட்டில் கோடரியால் பேட்டரியைப் பிளந்து, அமிலத்தைச் சாக்கடையில் கொட்டி, தகட்டைத் திறந்த அடுப்பில் உருக்கினால் சுற்றுவட்டாரம் முழுக்கப் படியும். செனகலின் தலைநகர் டாக்கரின் ஓரத்தில் தியாரோய் என்ற பகுதியில் இப்படித்தான் நடந்தது. 2008-க்குள் 18 பிள்ளைகள் இறந்தார்கள். பட்டறை எங்கே என்று கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். பழைய பேட்டரியை இங்கே யார் வாங்குவார்கள் என்று கேட்டால் சொல்வார்கள்.

அடுத்து பெயின்ட். இந்தியாவில் வீட்டு, அலங்கார பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-இல் வந்து, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமல் இன்னும் கேட்டிலும் ஜன்னல் கம்பியிலும் பள்ளிக்கூட ஊஞ்சலிலும் இருக்கிறது. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை நிறங்கள்மேல் கூடுதல் சந்தேகம் வையுங்கள். ஈயக் குரோமேட் நிறமி அதிகம் சேர்ந்தது அவற்றில்தான். உரிந்து செதில் செதிலாக விழும் இடங்களைத் தனியாகக் குறியுங்கள்.

மூன்றாவது பழைய பெரிய சாலை. 2000-இல் நாடு முழுக்க ஈயமில்லாப் பெட்ரோல் வந்துவிட்டது. ஆனால் அதற்கு முன் புகையில் வந்த ஈயம் சாலையோர மேல்மண்ணில் அப்படியே கிடக்கும். 30, 40 ஆண்டுகளாக நெரிசலான சாலை என்றால் அதன் ஓரத்தில் உள்ள பூங்காவும் பள்ளி மைதானமும் பட்டியலில் வர வேண்டும்.

அப்புறம் சின்னச் சின்ன மூலங்கள்: சாலிடர் வைக்கும் பழுதுநீக்கும் கடை, மின்கழிவு பிரிக்கும் இடம், அச்சு எழுத்து வார்த்த பழைய அச்சகம், கடலோரக் குப்பங்களில் வலைக்கும் தூண்டிலுக்கும் ஈயக்குண்டு வார்க்கும் வீடுகள். கடைசியாகச் சொன்னதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். விறகடுப்பில் இரும்புக் கரண்டியில் ஈயத்தை உருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். குண்டைப் பல்லால் கடித்துத் தூண்டில் நரம்பில் பொருத்தும் பழக்கமும் உண்டு.

வேலை பார்ப்பவர்களின் வீட்டையும் குறியுங்கள். பேட்டரிப் பட்டறைத் தொழிலாளியின் சட்டையிலும் தலைமுடியிலும் ஏறிவரும் தூசி, பட்டறைக்கு ஐந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வீட்டுப் பிள்ளைக்குப் போய்ச் சேரும். வரைபடத்தில் பட்டறை மட்டும் இருந்தால் இந்தப் பாதை கண்ணுக்கே தெரியாது.

படி 3: பறவைகளைக் கேளுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

நியூயார்க்கின் மன்ஹாட்டனில் நோயுற்றோ அடிபட்டோ பறவை மருத்துவ மையத்துக்கு வந்த 825 புறாக்களின் ரத்த ஈயக் கணக்கை, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த ரெபெக்கா கலிசி குழு எடுத்துப் பார்த்தது. 2010 முதல் 2015 வரையிலான கணக்கு. எந்தப் பேட்டையில் புறாக்களுக்கு ஈயம் அதிகமோ, அங்கே பிள்ளைகளின் ரத்த ஈயமும் அதிகமாக இருந்தது. இரண்டும் கோடைகாலத்தில் ஏறின. 2016-இல் வந்த அந்தக் கட்டுரை, புறாவைத் தெருவின் காவல்காரனாகப் பார்க்கலாம் என்பதை எண்களோடு காட்டியது.

காரணம் புறாவின் வாழ்க்கைமுறை. அது பிறந்த இடத்தைச் சுற்றியே சில தெருக்களுக்குள் வாழ்ந்து முடிக்கிறது. நாம் நடக்கும் நடைபாதையில் மேய்கிறது. பல் இல்லாததால் சிறு கற்களை விழுங்கி, வயிற்றின் தசைப்பையில் தானியத்தை அரைக்கிறது. ஏசி பெட்டியின் மேலோ ஜன்னல் விளிம்பிலோ நிற்கும் புறாவைக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள்: தானியமே இல்லாத இடத்திலும் கொத்தும். அது எடுப்பது மணல், காரைத் துணுக்கு, சில நேரம் பெயின்ட் செதில். ஈயம் கலந்த செதில் ஒன்று அந்தத் தசைப்பையில் நாள்கணக்கில் அரைபட்டுக்கொண்டே இருக்கும்.

நீங்கள் என்ன செய்யலாம்? பறவையைப் பிடித்து ரத்தம் எடுப்பது பயிற்சி பெற்றவர்களும் வனத்துறை அனுமதி உள்ளவர்களும் மட்டும் செய்ய வேண்டியது. கல்லூரி வழியாகச் செய்வதென்றால் விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். அதுவரை கையில் எடுக்கக்கூடியவை மூன்று.

ஒன்று, எச்சம். சமீபத்தில் விழுங்கியதை இது காட்டும். புறா எச்சத்தில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சைகள் இருக்கும். என்95 முகக்கவசமும் கையுறையும் இல்லாமல் சுரண்டாதீர்கள். மேலே கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டுச் சுரண்டினால் தூசி பறக்காது.

இரண்டு, கீழே உதிர்ந்த இறகு. இறகு வளரும் காலத்தில் ரத்தத்தில் இருந்த ஈயம் அதில் பதிந்துவிடும். ஆனால் வெளித்தூசியும் ஒட்டியிருக்கும் என்பதால் ஆய்வகத்தில் கழுவிய பிறகே சோதிக்கச் சொல்ல வேண்டும். இறகு சேகரிக்க அனுமதி வேண்டுமா என்று மாவட்ட வன அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

மூன்றாவதைத்தான் நம் ஊருக்கு அதிகம் பரிந்துரைப்பேன்: தெருவில் மேயும் நாட்டுக்கோழியின் முட்டை. யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம், காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். சிட்னியில் வீட்டுத் தோட்டக் கோழிகளை வைத்து 2022-இல் வெளிவந்த ஆய்வில், அவற்றின் முட்டைகளில் ஈயம் கடை முட்டையைவிடச் சராசரியாக 40 மடங்கு அதிகமாக இருந்தது. கோழி நாள் முழுக்க மண்ணைக் கிளறுகிறது, அதன் முட்டையைப் பிள்ளை சாப்பிடுகிறது. மண்ணிலிருந்து மனிதன் வரை முழுப் பாதையும் ஒரே முட்டையில் தெரிகிறது. சந்தேகப்படும் இடத்துக்குப் பக்கத்திலிருந்து ஐந்தாறு, தள்ளியிருக்கும் தெருவிலிருந்து ஐந்தாறு, கடையிலிருந்து ஓரிரண்டு வாங்கி ஒப்பிடுங்கள்.

ஒரே இடத்தில் பல பறவைகள் செத்துக் கிடந்தால் தொடாதீர்கள். பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள். ஈயத்தையும் சோதிக்கும்படி எழுத்தில் கேளுங்கள். கேட்காவிட்டால் பெரும்பாலும் அதைப் பார்க்க மாட்டார்கள். மாதவரத்தில் உள்ள தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் போன்ற இடங்களின் உதவியையும் நாடலாம்.

படி 4: மண்ணும் தூசியும்

என்ன கேள்விக்கு மண் எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து ஆழம் மாறும். பிள்ளைகள் விளையாடும் இடம் என்றால் மேலே உள்ள 2 சென்டிமீட்டர் மட்டும். கீரை, காய் பயிரிடும் இடம் என்றால் 15 சென்டிமீட்டர் வரை. இரண்டையும் கலந்துவிட்டால் மேலே படிந்திருக்கும் ஈயம் கீழே உள்ள நல்ல மண்ணில் கரைந்துபோய், எண் பொய்யாகக் குறைந்து வரும்.

ஒரு இடத்துக்கு ஒரு கைப்பிடி போதாது. பத்தடிக்குப் பத்தடி சதுரத்தின் நான்கு மூலையிலும் நடுவிலும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, ஒரே பிளாஸ்டிக் வாளியில் கலந்து, அதிலிருந்து 200 கிராம் ஜிப் பையில் போடுங்கள். கரண்டி பிளாஸ்டிக்காகவோ எவர்சில்வராகவோ இருக்கட்டும். பெயின்ட் அடித்த கொத்துக்கரண்டி வேண்டாம். ஒவ்வொரு இடத்துக்கும் நடுவில் கரண்டியைக் கழுவித் துடையுங்கள். பையின்மேல் அழியாத மையில் இடம், ஆழம், தேதி, எடுத்தவர் பெயர் எழுதுங்கள். ஒரு நோட்டில் அதையே மறுபடி எழுதி, அந்த இடத்தைப் படமும் எடுத்துவையுங்கள்.

எங்கெங்கே எடுப்பது? சாலை என்றால் ஓரத்திலேயே ஒன்று, 5 மீட்டரில், 25 மீட்டரில், 50 மீட்டரில் ஒவ்வொன்று. எண் படிப்படியாக இறங்கினால் சாலைதான் மூலம் என்று நம்பலாம். பட்டறை என்றால் காற்று வீசும் திசையில் ஒரு வரிசை, எதிர்த்திசையில் ஒரு வரிசை. பெயின்ட் என்றால் சுவரை ஒட்டி மழைநீர் சொட்டும் கோட்டில் ஒன்று, அங்கிருந்து மூன்று மீட்டர் தள்ளி ஒன்று. இவை எதுவும் தொடாத, பழைய சாலையோ பட்டறையோ இல்லாத ஓரிடத்தில் கட்டாயம் இரண்டு மாதிரி எடுங்கள். ஒப்பிட அது இல்லையென்றால் மற்ற எண்களுக்குப் பொருளே இல்லை.

ஒரு பள்ளிக்கூட இரும்புக் கேட்டின் அடியை எடுத்துக்கொள்வோம். மேலே புதிதாக நீலம் அடித்திருக்கும். கீல் உரசும் இடத்தில் மட்டும் உரிந்து, நீலத்துக்குக் கீழே பச்சை, பச்சைக்குக் கீழே செம்மஞ்சள் என்று அடுக்கடுக்காகத் தெரியும். தரையில் அதே நிறங்களில் கடுகளவு செதில்கள் மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். அந்த மண்ணை நிழலில் உலர்த்தி 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்தால் கல்லும் வேரும் நின்றுவிடும். அதையே 150 மைக்ரான் நுண்சல்லடையில் மறுபடி சலித்தால் கீழே விழுவது முகப்பவுடர் போன்ற தூள். விரல் வைத்தால் ரேகைக்குள் போய் ஒட்டிக்கொள்ளும், உதறினாலும் போகாது. பிள்ளையின் வாய்க்குப் போவது இந்தத் தூள்தான், கல் இல்லை. அதனால் ஆய்வகத்திடம் 150 மைக்ரானுக்குக் கீழுள்ள பகுதியைத் தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள்.

வீட்டுக்குள் தரையிலும் ஜன்னல் விளிம்பிலும் தூசி எடுக்க வேண்டும். 30-க்கு 30 சென்டிமீட்டர் அளவில் அட்டையை வெட்டி வைத்து, அதற்குள் ஈரத் துடைப்புத்தாளால் இடவலமாக ஒருமுறை, மேல்கீழாக ஒருமுறை துடைத்து, தாளை மடித்துக் குப்பியில் போடுங்கள். துடைக்காத வெறும் தாள் ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள். தாளிலேயே ஈயம் இருக்கிறதா என்று அது சொல்லும்.

பருவத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். ஏப்ரல், மே மாதத்தில் மண் காய்ந்து தூசி பறக்கும்போது ஒருமுறையும், வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியில் ஒருமுறையும் எடுத்தால் நிலவரம் தெளிவாகும்.

படி 5: தண்ணீரும் சமையலறையும்

குழாய்த் தண்ணீரில் ஈயம் பெரும்பாலும் குழாயிலிருந்தே வருகிறது. பழைய சாலிடர் இணைப்பு, பித்தளைக் குழாய்முனை, ஈயச் சேர்மம் சேர்த்து உறுதியாக்கிய பிவிசி குழாய் ஆகியவை காரணம். பிவிசி குழாயில் ஈயத்தைக் கட்டுப்படுத்த 2021-இல்தான் விதி வந்தது. இரவு முழுக்கத் திறக்காமல் வைத்து, காலையில் முதல் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடியுங்கள். ஐந்து நிமிடம் ஓடவிட்டு இன்னொரு பாட்டில். முதலாவதில் மட்டும் அதிகம் என்றால் மூலம் உங்கள் வீட்டுக் குழாய். இரண்டிலும் அதிகம் என்றால் வெளியே தேட வேண்டும். இந்தியக் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500 சொல்லும் உச்ச அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். கொதிக்க வைத்தால் ஈயம் போகாது. தண்ணீர் ஆவியாவதால் செறிவு கொஞ்சம் கூடத்தான் செய்யும். ஆர்ஓ கருவி பெருமளவு நீக்கும்.

மஞ்சள் தூளைச் சேர்க்காமல் விடாதீர்கள். மஞ்சள் கிழங்குக்குப் பளபளப்பு ஏற்ற ஈயக் குரோமேட் பூசுவது வங்கதேசத்தில் பெரிய அளவில் நடந்தது. 2019-இல் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் கண்டறியப்பட்டது. அரசு சந்தையிலேயே சோதித்து அபராதம் போட்டு, செய்தித்தாளில் எச்சரித்து, வணிகர்களிடம் நேரில் பேசியது. 2021-இல் அது பூஜ்யமானது. இரண்டே ஆண்டில் நடந்த இந்த மாற்றம் எனக்குப் பெரிய நம்பிக்கை தருகிறது. இந்தியாவிலும் கலப்படம் இருக்கிறது. பாட்னாவில் வாங்கிய மஞ்சளில் கிராமுக்கு 1000 மைக்ரோகிராமைத் தாண்டிய ஈயம் பதிவாகியிருக்கிறது. இங்கே அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு 10. நாமே கிழங்கு வாங்கி அரைக்கிறோம் என்றாலும், கண்ணைப் பறிக்கும் மஞ்சளில் மெருகேற்றிய கிழங்கைத் தவிர்ப்பது நல்லது.

ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. தூய வெள்ளீயம் என்றால் பயமில்லை. விலை குறைக்கக் காரீயம் கலந்திருந்தால், புளி அதைக் கரைத்து ரசத்தில் இறக்கிவிடும். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் வெள்ளீயத்துக்கும் இதே கதைதான். எக்ஸ் கதிரைப் பாய்ச்சி உலோகத்தை அடையாளம் காணும் எக்ஸ்ஆர்எஃப் கருவி உள்ள நகைக்கடையிலோ ஆய்வகத்திலோ காட்டினால் பாத்திரம் சேதமாகாமல் நிமிடத்தில் தெரிந்துவிடும். பழைய உலோகத்தை உருக்கிச் செய்த மலிவு அலுமினியப் பாத்திரம், கண்ணுக்கு இடும் சுர்மா, செந்தூரக் குங்குமம், உலோகம் சேர்ந்த பஸ்ப மருந்துகள் இவற்றையும் பட்டியலில் வையுங்கள். கர்ப்பிணிகள் விஷயத்தில் கடைசியாகச் சொன்னதைக் கட்டாயம் கேட்டறிய வேண்டும்.

படி 6: ஆய்வகம்

என்ஏபிஎல் (ஆய்வகங்களின் தரத்தைச் சரிபார்க்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் உள்ள ஆய்வகமா, அந்த அங்கீகாரம் ஈயச் சோதனைக்கும் பொருந்துமா என்று கேளுங்கள். மண்ணுக்கும் பெயின்டுக்கும் எக்ஸ்ஆர்எஃப் வேகமானது, மலிவானது. எந்த இடத்தில் ஆழமாகத் தேட வேண்டும் என்று சொல்லிவிடும். தண்ணீர், முட்டை, ரத்தம் போன்றவற்றில் மிகக் குறைந்த அளவுகளை அளக்க, அணுக்களை நிறைவாரியாகப் பிரித்து எண்ணும் ஐசிபி-எம்எஸ் கருவி வேண்டும். உங்கள் முட்டை மாதிரிக்கு எவ்வளவு குறைந்த அளவுவரை காண முடியும் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் ‘கண்டறியப்படவில்லை’ என்று வரும் தாளில், ஈயம் உண்மையிலேயே இல்லையா, கருவிக்குத் தெரியவில்லையா என்று சொல்ல முடியாது.

பத்து மாதிரிக்கு ஒன்றை இரண்டாகப் பிரித்து வேறு வேறு பெயரில் அனுப்புங்கள். இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே எண் வந்தால் அந்த ஆய்வகத்தை நம்பலாம்.

படி 7: எண்களைப் படிப்பது

மாசில்லாத மண்ணிலும் கிலோவுக்கு சில பத்து மில்லிகிராம் ஈயம் இயற்கையாகவே இருக்கும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை குடியிருப்பு மண்ணுக்கு வைத்திருந்த 400 என்ற எல்லையை 2024 ஜனவரியில் 200 ஆகக் குறைத்தது. கலிபோர்னியா 80 என்று வைத்திருக்கிறது. இவை எல்லாம் மேற்கொண்டு தேடிப் பார்க்க வேண்டும் என்று சொல்லும் எல்லைகள்; 199 நல்லது, 201 கெட்டது என்று படிக்கக் கூடாது.

சராசரியை மட்டும் பார்க்காதீர்கள். ஒரே ஒரு பெயின்ட் செதில் விழுந்த பை சராசரியைத் தாறுமாறாக ஏற்றிவிடும். வரிசைப்படுத்தி நடு எண்ணைப் பாருங்கள். அந்தத் தனித்த பெரிய எண்ணைத் தூக்கி எறியாமல் அதே இடத்தில் மறுபடி எடுங்கள். பிறகு எல்லாவற்றையும் படி 2-இல் போட்ட வரைபடத்தில் ஏற்றுங்கள். மண், முட்டை, தூசி மூன்றும் ஒரே மூலையில் உயர்ந்தால் பாதை உறுதி. மண்ணில் குறைவு, வீட்டுத் தூசியில் அதிகம் என்றால் வீட்டுக்குள்ளேயோ, வேலையிலிருந்து திரும்பும் ஒருவரின் சட்டையிலோ தேட வேண்டும். மண்ணும் தூசியும் சுத்தம், முட்டை மட்டும் அதிகம் என்றால் கோழி எங்கே மேய்கிறது என்று பின்னாலேயே போய்ப் பாருங்கள்.

இரண்டு மூலங்களில் எது என்று குழம்பினால் ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் வேறு வேறு நிறையுள்ள அணுக்கள்) விகிதம் உதவும். ஒவ்வொரு சுரங்கத்து ஈயத்துக்கும் 206, 207 நிறையுள்ள அணுக்களின் விகிதம் கொஞ்சம் மாறும். அந்த விகிதத்தை வைத்துப் பழைய பெட்ரோல் ஈயத்தையும் புதிய பேட்டரி ஈயத்தையும் பல இடங்களில் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். செலவு அதிகம், பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து செய்வதென்றால் மட்டும் யோசியுங்கள்.

படி 8: பிள்ளையின் ரத்தம்

ஆய்வுக்காக என்றால் நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், பெற்றோரின் எழுத்துச் சம்மதம் இரண்டும் இல்லாமல் ஒரு சொட்டும் எடுக்கக் கூடாது. முடிவைப் பெற்றோரிடம் யார், எப்படிச் சொல்வார்கள், அதிகமாக இருந்தால் எந்த மருத்துவர் பார்ப்பார் என்பதை எடுப்பதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். எண்ணைக் கொடுத்துவிட்டு விலகிப் போவது அந்தக் குடும்பத்துக்குச் செய்யும் அநியாயம்.

தன் பிள்ளைக்காக ஒரு பெற்றோர் மருத்துவரிடம் கேட்டுச் சோதிப்பது வேறு. அது எப்போதும் செய்யலாம். விரல்நுனியில் குத்தி எடுக்கும்போது கையில் உள்ள தூசியே ரத்தத்தில் கலந்து எண்ணை ஏற்றிவிடும். சோப்பு போட்டு நன்றாகக் கழுவ வேண்டும். அதிகம் என்று வந்தால் கையில் உள்ள சிரையிலிருந்து (ரத்தக்குழாயிலிருந்து) ரத்தம் எடுத்து உறுதி செய்ய வேண்டும்.

ரத்த ஈயம் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தொட்டால் மூலத்தைத் தேடி நிறுத்துங்கள், சத்துக்குறைவு இருக்கிறதா என்று பாருங்கள். 45-ஐத் தொட்டால், ஈயத்தைப் பிடித்து வெளியேற்றும் மருந்து மருத்துவமனையில் தர வேண்டியிருக்கும். மூலத்தை நிறுத்தாமல் மருந்து மட்டும் கொடுத்து அதே வீட்டுக்கு அனுப்பினால் மறுபடி ஏறும். இணையத்தில் ‘நச்சு நீக்கி’ என்று விற்பதை எல்லாம் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்.

படி 9: கண்டுபிடித்த பிறகு

வீட்டில் இன்றைக்கே தொடங்கலாம். துடைப்பத்தால் பெருக்கினால் தூள் பறக்கும், ஈரத்துணியால் துடையுங்கள். செருப்பை வெளியே விடும் நம் வழக்கம் இதற்கு நல்ல தடுப்பு. சாப்பிடும் முன்னும் தூங்கும் முன்னும் பிள்ளையின் கையைக் கழுவுங்கள். பழைய பெயின்டை உலர்வாகத் தேய்க்கவோ நெருப்பு காட்டிச் சுரண்டவோ கூடாது. பெயின்டரிடம் ஈரமாக்கித் தேய்க்கச் சொல்லுங்கள், கீழே பிளாஸ்டிக் விரிப்பு போடச் சொல்லுங்கள், பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் அந்த நாட்களில் வேறு வீட்டில் தங்க வையுங்கள். பட்டறையில் வேலை பார்ப்பவர் குளித்து உடை மாற்றிய பிறகு வீட்டுக்கு வரட்டும், அந்த உடையைத் தனியாகத் துவையுங்கள். கேழ்வரகு, கீரை, பயறு, பால், முட்டை என்று இரும்புச்சத்தும் கால்சியமும் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முட்டை மட்டும் அந்தத் தெருக் கோழியுடையதாக இருக்க வேண்டாம்.

மைதானத்து மண் மோசம் என்றால், மேலே துணித்தடுப்பு விரித்து நல்ல மண்ணை 15 சென்டிமீட்டருக்குக் குறையாமல் கொட்டி மூடலாம். செடி வளர்த்து ஈயத்தை உறிஞ்சி எடுக்கலாம் என்று பலர் கேட்கிறார்கள். ஈயம் மண்ணோடு இறுகப் பிடித்துக்கொள்ளும். செடி எடுப்பது மிகக் குறைவு. பிள்ளை அங்கே விளையாடிக்கொண்டிருக்கும்போது ஆண்டுக்கணக்கில் காத்திருக்க முடியாது.

பட்டறை என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளைக் குறிப்பிடுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் அதே மனுவின் நகலை வரைபடத்தோடு கொடுங்கள். அசையவில்லையென்றால் சென்னையில் உள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. அங்கே உங்கள் நோட்டும், தேதி போட்ட படங்களும், இரட்டை மாதிரிகளின் முடிவுகளும்தான் பேசும்.

அந்தப் பட்டறையில் வேலை பார்ப்பவர்களிடம் முதலில் போய்ப் பேசிவிடுங்கள். அவர்கள் ரத்தத்தில்தான் ஈயம் மிக அதிகமாக இருக்கும். பட்டறையை மூடினால் முதலில் பிழைப்பு போவதும் அவர்களுக்குத்தான். அவர்கள் பிள்ளைகளுக்குச் சோதனையும் சிகிச்சையும், அவர்களுக்கு மாற்று வேலையும் மனுவிலேயே கோரிக்கையாக எழுதுங்கள். இல்லையென்றால் பட்டறை இரவோடு இரவாக அடுத்த பேட்டைக்குப் போய்விடும், இந்தத் தெருவில் கிடக்கும் மண்ணும் அப்படியே இருக்கும்.

மூலம் நின்று மூன்று மாதம் கழித்து அதே இடங்களில் தூசியும் முட்டையும் மறுபடி எடுங்கள். பிள்ளைகளின் ரத்தச் சோதனையை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் திரும்பச் செய்யுங்கள். ரத்த எண் எதிர்பார்த்த அளவுக்கு இறங்காவிட்டால் எலும்பில் தங்கியது மெல்ல வெளிவருவது ஒரு காரணமாக இருக்கலாம். நீங்கள் இன்னும் பார்க்காத இரண்டாவது மூலம் வீட்டுக்குள் இருப்பதும் காரணமாகலாம். தூசியில் எண் இறங்கி ரத்தத்தில் இறங்கவில்லை என்றால் படி 5-க்குத் திரும்பி, மஞ்சள் டப்பாவிலிருந்து தொடங்குங்கள்.